220 என்கிற மாய எண்

வருஷா வருஷம் ஜூன் மாதம் பிறந்தால் தமிழ்நாட்டில் இரண்டு விஷயங்கள் தவறாமல் நடக்கும். ஒன்று, யூனிஃபார்ம் தைக்கக் கொடுத்த தையல்காரர் "நாளைக்கு வாங்க" என்பார். இன்னொன்று, இந்த வருஷம் பள்ளிக்கு எத்தனை வேலை நாள் என்று ஒரு பஞ்சாயத்து கிளம்பும்.

2024இல் இந்தப் பஞ்சாயத்து கொஞ்சம் பெரிதாகவே நடந்தது. 220 வேலை நாட்கள் என்று தமிழகப் பள்ளிக்கல்வித் துறை நாள்காட்டி வெளியிட்டது. சனிக்கிழமைகளை எல்லாம் விழுங்கினால்தான் அந்தக் கணக்கு வரும் என்று ஆசிரியர் சங்கங்கள் எதிர்த்தன. கடைசியில் 210 ஆகக் குறைந்தது. அதே வருஷம் பக்கத்து மாநிலமான கேரளாவில் 25 சனிக்கிழமைகளைச் சேர்த்து 220 நாள் காட்டினார்கள். அது உயர்நீதிமன்றம் வரை போய் ரத்தானது.

இத்தனை சண்டையிலும் யாருமே கேட்காத கேள்வி ஒன்று உண்டு. அந்த 220 நாளில், அல்லது 210 நாளில், ஒரு குழந்தைக்கு எத்தனை மணி நேரம் பாடம் நடக்கிறது?

கேட்க மாட்டார்கள். ஏனென்றால் அந்தக் கேள்விக்குப் பதில் எந்தப் பதிவேட்டிலும் இல்லை!

ஜப்பானைப் பார், கொரியாவைப் பார்!

வேலை நாளைக் கூட்டச் சொல்பவர்கள் கையில் எப்போதும் ஒரு அஸ்திரம் இருக்கும். "ஜப்பான்காரன் வருஷத்துக்கு 240 நாள் ஸ்கூலுக்குப் போறான், கொரியாக்காரன் 220 நாள் போறான், அதான் முன்னேறிட்டான்" என்பார்கள். மெயிலில் வந்த காலத்திலிருந்து வாட்ஸப்பில் வரும் காலம் வரை இது சாகாவரம் பெற்ற ஃபார்வர்டு.

பாவம், ஜப்பான்காரர்கள் அந்தக் கணக்கை எப்போதோ மூட்டை கட்டிவிட்டார்கள். அங்கே சனிக்கிழமை அரை நாள் பள்ளி இருந்தது உண்மை. 1992இல் மாதம் ஒரு சனிக்கிழமையை விட்டார்கள். 1995இல் இரண்டு. 2002இல் எல்லாச் சனிக்கிழமையும் விடுமுறை. தென்கொரியாவும் 2012இல் வாரம் ஐந்து நாளுக்கு வந்துவிட்டது. இப்போது அங்கே சட்டம் கேட்பது குறைந்தது 190 நாள்தான்.

"பார்த்தீர்களா, அப்போ நாளைக் குறைத்தால்தான் முன்னேற்றம்" என்று எதிர் கோஷ்டி உடனே குதிக்க வேண்டாம். ஜப்பானில் நாளோடு சேர்த்துப் பாடத்தையும் குறைத்தார்கள். பிறகு 2003ஆம் ஆண்டு பிசா சர்வதேசத் தேர்வில் சறுக்கியதும் நாடே பதறியது. 2011இலிருந்து பாட நேரத்தை மறுபடி கூட்டினார்கள். ஆனால் சனிக்கிழமைகளை நாடு முழுக்கத் திரும்பப் பிடுங்கவில்லை என்பதைக் கவனியுங்கள். கொரியக் குழந்தையோ பள்ளி விட்டதும் 'ஹாக்வோன்' என்கிற டியூஷன் கடைக்குப் போகிறது. ராத்திரி 10 மணிக்கு மேல் டியூஷன் நடத்தக் கூடாது என்று சோல் நகரத்தில் சட்டம் போட வேண்டியிருக்கிறது என்றால் அந்தக் குழந்தைகளின் கதியை யோசித்துப் பாருங்கள். 190 நாள் என்கிற எண்ணில் இதெல்லாம் தெரியுமா?

இனி மற்ற நாடுகள். இங்கிலாந்தில் மாணவனுக்கு 190 நாள், ஆசிரியருக்கு 195 நாள். அந்தக் கூடுதல் 5 நாள் ஆசிரியர் பயிற்சிக்கு. பயிற்சிக்கு என்று தனியாக நாள் ஒதுக்கியிருக்கிறார்கள், பாட நாளில் கை வைக்கவில்லை. பின்லாந்தில் 190 நாள். அதிலும் சில பண்டிகைகள் வார நாளில் வந்தால் அதையும் கழித்துக்கொள்வார்கள். கோடை விடுமுறை ஏறக்குறைய பத்து வாரம். இத்தாலியில் குறைந்தது 200 நாள். அமெரிக்காவில் நாடு முழுமைக்கும் ஒரே கணக்கு கிடையாது. பெரும்பாலான மாநிலங்களில் 180 நாள். கொலராடோவில் 160 நாள் போதும். டெக்சாஸில் நாளை எண்ணுவதையே விட்டுவிட்டு நிமிடத்தை எண்ணுகிறார்கள்: வருஷத்துக்கு 75,600 நிமிடம், இடைவேளையும் சேர்த்து!

இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு யார் கெட்டிக்காரர் என்று சொல்ல முடியுமா? முடியாது.

பிரான்ஸ் சொல்லும் சேதி

நாள் கணக்கின் வேஷத்தைக் கலைப்பதற்கு பிரான்ஸ் ஒன்றே போதும்.

2008இல் அங்கே தொடக்கப் பள்ளிகளின் சனிக்கிழமை வகுப்பை எடுத்துவிட்டார்கள். புதன்கிழமை ஏற்கெனவே விடுமுறை. ஆக வாரத்துக்கு நாலே நாள், வருஷத்துக்கு 36 வாரம். பெருக்கினால் 144 நாள். 2013இல் இதை நாலரை நாளாக மாற்றினார்கள். 2017இல் "விரும்பினால் நாலு நாளுக்கே திரும்பலாம்" என்று அனுமதித்ததும் பெரும்பாலான ஊர்கள் ஓடி வந்து திரும்பிவிட்டன.

வெறும் 144 நாள்! சோம்பேறிகள் என்று தோன்றுகிறதா?

சற்றுப் பொறுங்கள். அந்த 144 நாளில் ஒரு பிரெஞ்சுக் குழந்தைக்கு நடக்க வேண்டிய பாடம் 864 மணி நேரம். இப்போது இந்தியாவின் கல்வி உரிமைச் சட்டம், 2009ஐப் புரட்டுங்கள். கடைசியில் ஒரு அட்டவணை இருக்கிறது. 1 முதல் 5ஆம் வகுப்பு வரை 200 வேலை நாள், 800 மணி நேரம். 6 முதல் 8ஆம் வகுப்பு வரை 220 வேலை நாள், 1000 மணி நேரம்.

கணக்குப் போடத் தெரிந்தவர்கள் போட்டுக்கொள்ளலாம். தொடக்கப் பள்ளியில் இந்தியக் குழந்தை 56 நாள் அதிகமாகப் பள்ளிக்கு நடக்கிறது. ஆனால் சட்டம் அதற்கு உறுதியளிக்கும் பாட நேரம் 64 மணி குறைவு!

பிரான்ஸ் செய்வது சரி என்று இதற்கு அர்த்தமில்லை. ஒரு நாளைக்கு 6 மணி நேரம் ஆறு வயதுக் குழந்தையை உட்காரவைப்பது கொடுமை என்று அங்கேயே சண்டை ஓயவில்லை. இங்கே சொல்ல வருவது ஒன்றுதான். 'நாள்' என்பது அளவுகோலே கிடையாது. அது ரப்பர். இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்தியச் சட்டத்தில் நாள், மணி இரண்டுமே எழுதியிருக்கிறது. ஊரெல்லாம் நாளைப் பிடித்துக்கொண்டு சண்டை போடுகிறது. மணியை ஒருவரும் சீண்டுவதில்லை. நாளைக் காட்டிக் கணக்கை முடிப்பது சுலபம். கேட் திறந்திருந்தால் ஒரு நாள், அவ்வளவுதான்.

காஸ்ட் அக்கவுண்டிங் பாடத்தின் முதல் பக்கம்

பி.காம் படித்தவர்களுக்கு இது புதிதில்லை. தொழிலாளி ஃபேக்டரி கேட்டுக்குள் நுழைந்த நேரத்தைக் குறிப்பது 'டைம் கீப்பிங்'. உள்ளே போய் எந்த வேலையில் எவ்வளவு நேரம் செலவிட்டார் என்று குறிப்பது 'டைம் புக்கிங்'. இரண்டுக்கும் நடுவில் விழும் ஓட்டைக்குப் பெயர் 'ஐடில் டைம்'. மின்சாரம் போயிருக்கலாம், மூலப்பொருள் வராமல் இருந்திருக்கலாம், இயந்திரம் பழுதாகியிருக்கலாம். தொழிலாளி சோம்பேறி என்று அர்த்தமில்லை. ஆனால் அந்த நேரத்தைத் தனியாக எழுதிக் காட்டாமல் மறைக்கும் கணக்காளரை எந்த ஆடிட்டரும் விடமாட்டார்.

ஒரு சோப்பு ஃபேக்டரிக்கு இருக்கும் இந்தக் கணக்கு ஒரு பள்ளிக்கூடத்துக்கு இல்லை. பள்ளியில் இருப்பது டைம் கீப்பிங் மட்டும்தான். வேலை நாள் இத்தனை, வருகை இத்தனை. டைம் புக்கிங் கிடையாது. ஆகவே ஐடில் டைமும் கிடையாது. ஆகா, என்ன ஒரு நிர்வாகம்!

2003இல் இந்தியா முழுக்க 3,700 பள்ளிகளுக்கு முன்னறிவிப்பில்லாமல் ஆட்களை அனுப்பிப் பார்த்த ஒரு பிரபலமான ஆய்வு உண்டு. அரசு தொடக்கப் பள்ளிகளில் எந்த ஒரு நாளிலும் கால்வாசி ஆசிரியர்கள் பள்ளியில் இல்லை. பாடம் நடத்திக்கொண்டிருந்தவர்கள் ஏறக்குறைய பாதிப் பேர். அப்படியென்றால் 200 நாள் என்பது எத்தனை நாள்? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது இதைத்தான்.

உடனே "வாத்தியார்கள் எல்லாம் ஓ.பி. அடிக்கிறார்கள்" என்று கிளம்புபவர்களுக்கு ஒரு வார்த்தை. வராதவர்கள் எல்லோரும் டீக்கடையில் இருந்தார்கள் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. விடுப்பு, பயிற்சி, வேறு அலுவல் என்று பல காரணங்கள் அதில் உண்டு. கல்வி உரிமைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, பத்தாண்டுக்கு ஒருமுறை வரும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் பணி இந்த மூன்றைத் தவிர வேறு எந்தக் கல்வி சாராத வேலைக்கும் ஆசிரியரை இழுக்கக் கூடாது என்கிறது. அந்த மூன்றே போதாதா? போதாததற்குப் பள்ளிக்குள்ளேயே உட்கார்ந்து நிரப்ப வேண்டிய படிவங்கள், ஏற்ற வேண்டிய புகைப்படங்கள், பதிய வேண்டிய விவரங்கள். ஒரே ஆசிரியர் இரண்டு மூன்று வகுப்புகளைச் சேர்த்துப் பார்க்கும் பள்ளியில் அவர் கணினி முன்னால் உட்கார்ந்தால் அத்தனை வகுப்புக்கும் ஐடில் டைம்தான். ஆனால் பதிவேட்டில் அது முழு வேலை நாள்!

விளைவு என்ன? 'அசர்' 2024 அறிக்கைப்படி கிராமப்புற அரசுப் பள்ளிகளில் 5ஆம் வகுப்பு படிக்கும் குழந்தைகளில் 2ஆம் வகுப்புப் பாடத்தை வாசிக்கத் தெரிந்தவர்கள் 44.8 சதவீதம். இது நாடு தழுவிய கணக்கு. 5ஆம் வகுப்புக்கு வந்த குழந்தை என்றால் ஏட்டுக் கணக்கில் 800 நாளாவது பள்ளிக்குப் போயிருக்க வேண்டும். 800 நாளுக்குப் பிறகும் பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளால் ஒரு சின்னக் கதையை வாசிக்க முடியவில்லை. இந்தக் குழந்தைகளுக்குத்தான் இன்னும் 10 நாள் கூட்டுவதா குறைப்பதா என்று வருஷக்கணக்கில் சண்டை!

நாளே முக்கியமில்லையா?

அப்படியும் சொல்லிவிட முடியாது. அதையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும்.

மேற்கு ஜெர்மனியில் 1966-67இல் ஒரு விசித்திரம் நடந்தது. கல்வியாண்டின் தொடக்கத்தை வசந்த காலத்திலிருந்து இலையுதிர் காலத்துக்கு மாற்றுவதற்காகப் பல மாநிலங்களில் இரண்டு கல்வியாண்டுகளைக் குட்டையாக்கினார்கள். 37 வாரம் நடக்க வேண்டிய வருஷம் 24 வாரத்தில் முடிந்தது. அந்தப் பிள்ளைகளைப் பின்னாளில் ஆராய்ந்த பொருளாதார நிபுணர் யோர்ன்-ஸ்டெஃபென் பிஷ்கே, தொடக்க வகுப்புகளில் ஃபெயில் ஆனவர்கள் அதிகம், ஆனால் பெரியவர்களானபின் சம்பாத்தியத்தில் பாதிப்பு இல்லை என்று 2007இல் எழுதினார். பிறகு வேறு தரவுகளோடு அதே விஷயத்தை அலசியவர்கள், இல்லை, சம்பாத்தியமும் கொஞ்சம் அடிவாங்கியது என்கிறார்கள். ஆக, பெரிய துண்டாக வெட்டினால் வலிக்கத்தான் செய்யும்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் பனிப்பொழிவு விடுமுறைகளை ஆராய்ந்த ஜோஷுவா குட்மேன் கண்டது இன்னும் சுவாரசியம். பனியால் பள்ளி மொத்தமாக மூடிய நாட்களால் மதிப்பெண் குறையவில்லை. பள்ளி திறந்திருந்து, சில பிள்ளைகள் மட்டும் வராமல் போன நாட்களால்தான் குறைந்தது. எல்லோரும் சேர்ந்து விட்ட பாடத்தை ஆசிரியர் பிறகு பிடித்துவிடுகிறார். ஒரு பிள்ளை தனியாக விட்ட பாடத்துக்காக வகுப்பு நிற்பதில்லை.

தமிழ்நாட்டின் சொந்த அனுபவமும் இருக்கிறது. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1ஆம் தேதிதான் திறந்தன. ஏறக்குறைய 19 மாதம். கிராமப்புறக் குழந்தைகளை நேரில் சோதித்த ஆய்வாளர்கள் (அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமெரோ, கார்த்திக் முரளிதரன்) பெரிய இழப்பைக் கண்டார்கள். ஆனால் பள்ளி திறந்த ஆறே மாதத்தில் அந்த இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது. அந்த மீட்சியில் ஏறத்தாழ கால்வாசி 'இல்லம் தேடிக் கல்வி'யின் பங்கு.

அந்தத் திட்டம் என்ன செய்தது? சனிக்கிழமையைப் பிடுங்கவில்லை. நாள்காட்டியைத் திருத்தவில்லை. சாயங்காலம் ஒன்று, ஒன்றரை மணி நேரம், மாதம் 1000 ரூபாய் ஊக்கத்தொகைக்கு ஊரிலேயே இருந்த ஒரு தன்னார்வலர் (பெரும்பாலும் ஒரு அக்கா) சில பிள்ளைகளைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். அவ்வளவுதான். டைம் கீப்பிங் இல்லாத இடத்தில் டைம் புக்கிங் நடந்தது!

பானையும் பாடமும்

வேலை நாளைக் குறைக்கச் சொல்பவர்கள் வசதியாக மறக்கும் விஷயம் ஒன்று உண்டு. அரசுப் பள்ளி என்பது பாடம் மட்டும் நடக்கும் இடமில்லை. 1982இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவு, 2022இல் தொடங்கிய காலை உணவு, இரண்டும் பள்ளி திறந்தால்தான். ஒரு வேலை நாள் போனால் ஒரு வீட்டில் ஒரு குழந்தைக்கு இரண்டு வேளைச் சாப்பாடு போகிறது. வறட்சி பாதித்த பகுதிகளில் கோடை விடுமுறையிலும் மதிய உணவு போட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2004இல் உத்தரவிட்டது சும்மா இல்லை. கோடை விடுமுறை என்றால் ஒரு வீட்டில் நீச்சல் வகுப்பும் குலு மணாலியும். இன்னொரு வீட்டில் பழைய சோறு, அதுவும் இருந்தால்.

எனவே பள்ளி திறந்திருக்க வேண்டும் என்பதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. ஆனால் அந்தக் காரணத்தை வெளிப்படையாகச் சொல்லட்டும். சோறு போட ஒரு கணக்கு, பாடம் நடத்த ஒரு கணக்கு என்று இரண்டையும் தனித்தனியாக எழுதட்டும். இரண்டையும் '220' என்கிற ஒரே டப்பாவில் போட்டுக் குலுக்கினால் இரண்டுமே கிடைக்காது.

ஒரே நாள்காட்டி எதற்கு?

இன்னொரு கூத்து. வேலூர் வெயிலில் வேகும்போது ஊட்டியில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டிருப்பார்கள். இரண்டுக்கும் ஒரே நாள்காட்டி! 2023இல் ஜூன் 1இல் திறக்க வேண்டிய பள்ளிகள் வெயிலால் ஜூன் 7க்குப் போய், பிறகு 12, 14 என்று தள்ளின. 2024இலும் ஜூன் 6 என்றது ஜூன் 10 ஆனது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அரையாண்டுத் தேர்வே ஜனவரிக்குப் போனது. ஒவ்வொரு முறையும் ஏதோ எதிர்பாராத விபத்து போல அறிவிப்பு வருகிறது. சித்திரை வைகாசியில் வெயிலும் ஐப்பசி கார்த்திகையில் மழையும் வருவது எதிர்பாராததா?

பிரான்ஸ் தன்னை மூன்று மண்டலமாகப் பிரித்துக் குளிர்கால, வசந்தகால விடுமுறைகளை வெவ்வேறு தேதியில் விடுகிறது. ஜெர்மனியில் மாநிலத்துக்கு மாநிலம் கோடை விடுமுறைத் தேதி மாறும். அவர்கள் இதைச் செய்வதில் சுற்றுலா நெரிசலைக் குறைக்கும் கணக்கும் உண்டு. இங்கே குழந்தைகளை வெயிலிலிருந்தும் வெள்ளத்திலிருந்தும் காப்பாற்றுவதற்காகவாவது செய்யலாமே? 2025இல் கேரளக் கல்வி அமைச்சர் சிவன்குட்டி, கோடை விடுமுறையை மழைக்காலமான ஜூன், ஜூலைக்கு மாற்றலாமா என்று பொதுவெளியில் கேட்டார். முடிவு எதுவாகவும் இருக்கட்டும், கேள்வியாவது கேட்டாரே.

வேண்டியது என்ன?

ரொம்பப் பெரிய பட்டியல் இல்லை.

ஒன்று, சட்டத்தில் இருக்கும் 800 மணி, 1000 மணி என்கிற கணக்கை ஒவ்வொரு பள்ளியும் வகுப்புவாரியாக எழுதிப் பள்ளி மேலாண்மைக் குழுவின் முன்னால் வைக்கட்டும். ஐடில் டைமுக்குக் காரணத்தையும் சேர்த்தே எழுதட்டும். மழையா, பயிற்சியா, தேர்தல் வேலையா, ஆசிரியர் பணியிடமே காலியா என்று ஊருக்குத் தெரியட்டும்.

இரண்டு, படிவம் நிரப்பும் வேலையை ஆசிரியர் தலையிலிருந்து இறக்குங்கள். அதற்கு ஒரு எழுத்தரை நியமித்தால் ஆகும் செலவு, வீணாகும் பாட நேரத்தின் விலையைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

மூன்று, பின்தங்கிய குழந்தைக்குச் சாயங்கால வகுப்பு. எல்லோருக்கும் சனிக்கிழமை வேண்டாம். யாருக்குத் தேவையோ அவர்களுக்கு மட்டும்.

நான்கு, விடுமுறைத் தேதிகளை மாவட்டத்துக்கு விடுங்கள். சாப்பாட்டை மட்டும் நாள்காட்டியோடு கட்டாதீர்கள்.

இதெல்லாம் நடக்கும்வரை 220 என்பதும் 210 என்பதும் ஒன்றுதான். டிரையல் பேலன்ஸ் டேலி ஆகிவிட்டதாலேயே கணக்கு சரி என்று அர்த்தமில்லை என்பது பிளஸ் ஒன் அக்கவுண்டன்ஸி மாணவனுக்கே தெரியும். தப்பான இரண்டு எண்கள் ஒன்றையொன்று சரிக்கட்டிக்கொண்டாலும் அது டேலி ஆகும். பள்ளிக்கல்வித் துறையின் கணக்கு ஒவ்வொரு ஏப்ரலிலும் அழகாக டேலி ஆகிவிடுகிறது. டேலி ஆகாமல் நிற்பது அந்தச் சின்னக் கதையை வாசிக்கத் தெரியாமல் 6ஆம் வகுப்புக்குப் போகிற குழந்தை மட்டும்தான்.

அந்தக் குழந்தையை எந்தப் பதிவேட்டில் எழுதுவது?